நீரிழிவு பற்றி ஊருக்குச் சொல்வதற்கு முன்னர் திட்டமிட வேண்டியவை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள கிராமம் ஒன்றின் இளைஞர் கழகத்தைச் சேர்ந்த நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: ஊரில் நீரிழிவு கூடிக்கொண்டு போகிறது, சென்ற வருடம் வைத்தியர் ஒருவரை அழைத்து ஒரு நாள் கருத்தரங்கு நடத்தினீர்கள், மண்டபம் நிறைந்தது, ஆனால் அதன் பிறகு எவருடைய சமையலிலும் நடைமுறையிலும் மாற்றம் எதுவும் தெரியவில்லை, இப்போது ஆறு மாதத்துக்குச் சிறியதொரு நிதி கிடைக்க இருக்கிறது, எத்தனை கருத்தரங்குகள் வைக்கலாம், எந்தத் தலைப்புகளில் வைக்கலாம், நிதி தருபவர்களுக்குப் பலனை எப்படிக் காட்டலாம். கருத்தரங்குகளின் எண்ணிக்கையைப் பற்றியதாக எழுதப்பட்டிருந்தாலும் இதன் உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் மக்கள் ஏன் முன்போலவே இருக்கிறார்கள் என்பதே அது. அதற்கு விடை தேடாமல் போடும் திட்டம் சென்ற வருட மண்டபத்தையே இன்னும் ஆறு தடவை நிரப்பும்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகவும், பின்னர் சுகாதாரக் கல்விப் பிரிவிலும் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற வகையில், அம்பாறைக் கரையோரத்தில் கல்முனைப் பிராந்தியத்திலும் பயிற்சிகள் நடத்தியவன் என்ற வகையில், இதற்குப் பதில் எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். எந்தக் குளிசை, எவ்வளவு, எப்போது என்ற கேள்விகள் கிளினிக் வைத்தியருக்கு உரியவை. உங்கள் திட்டத்திலும் இந்த எல்லையை முதல் நாளிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். ஊரில் நம்பிக்கை பெற்ற தொண்டரிடம் மூன்றாம் கிழமையே மருந்துச் சீட்டை நீட்டுவார்கள். அப்போது என்ன சொல்வது என்று தொண்டர்களுக்கு முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும்.

என் அனுபவத்தில், பயன் தந்த கல்வித் திட்டங்கள் எல்லாம் ஒரு செயலிலிருந்தே திட்டமிடப்பட்டிருந்தன. யார், எந்த வேளையில், எதைச் செய்யவேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்தால்தான் அதை ஒரு நோக்கம் என்று கொள்ளலாம். ‘நீரிழிவு பற்றிய விழிப்புணர்வை ஏற்படுத்தல்’ என்பது அப்படிப்பட்ட வாக்கியம் அல்ல. ‘கிளினிக்கில் பதிவான ஒவ்வொருவரும் இரவு படுக்கப்போகுமுன் இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும்’ என்பது அப்படிப்பட்டது. ‘35 வயதைக் கடந்த ஆண்கள் வேளாண்மை வெட்டு முடிந்ததும் ஒருமுறை வெறும் வயிற்றில் குருதிச் சீனியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்’ என்பதும் அப்படிப்பட்டது. ஆறு மாதத்துக்கு இரண்டு செயல்கள் போதும், மூன்று என்றால் அதிகம். நீரிழிவு என்ற தலைப்பின் கீழ் உணவு, உடற்பயிற்சி, கண், சிறுநீரகம், பாதம், மருந்து, மன அழுத்தம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லி அனுப்புவதுதான் நம் கருத்தரங்குகளின் வழக்கம். வீடு போய்ச் சேரும்போது அவற்றில் ஒன்றும் கையில் இருக்காது.

அந்த இரண்டு செயல்களை எப்படித் தெரிவுசெய்வது என்பதில்தான் உங்கள் முதல் மாதம் முழுவதும் செல்ல வேண்டும். இந்த மாதத்தில் யாருக்கும் எதையும் கற்பிக்க வேண்டாம், கேளுங்கள், பாருங்கள். கேள்விக்கொத்து அச்சடித்து ‘நீரிழிவின் அறிகுறிகள் எவை’ என்று கேட்டால் பாடசாலைப் பரீட்சைக்குப் போலப் பதில் கிடைக்கும், அதனால் திட்டத்துக்கு ஒரு பயனும் இல்லை. அதற்குப் பதிலாகப் பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் போய், நேற்று விடிந்தது முதல் படுக்கும் வரை என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தார்கள், எத்தனை தடவை தேத்தண்ணி குடித்தீர்கள், கடைசியாக எப்போது கிளினிக்குக்குப் போனீர்கள், போகாமல் விட்ட மாதத்தில் என்ன நடந்தது என்று கதை கேட்பதுபோலக் கேளுங்கள். உங்களுக்கும் தேத்தண்ணி வரும். அதை ஊற்றும்போது அடுப்படியில் நின்று பாருங்கள். சீனிப் போத்தலுக்குள் கிடக்கும் கரண்டி பெரும்பாலும் சிறு தேக்கரண்டியாக இருக்காது. அதுவும் குவித்து எடுக்கப்படும். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் அதுவே 40 கிராம். உணவில் சேர்க்கும் சீனியிலிருந்து வரும் சக்தி மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் குறைந்தால் மேலும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். இது நீரிழிவு வருத்தம் இல்லாதவருக்கும் பொருந்தும் அளவு. தேத்தண்ணியாலேயே அந்த 50 கிராம் வரம்பின் பெரும்பகுதி போய்விடுகிறது என்பதை ஒரு வீட்டுப் பெண் தன் கரண்டியாலேயே அளந்து பார்த்தால், மேடையில் நின்று சொல்ல வேறொன்றும் மிஞ்சாது.

ஆனால் அளந்து பார்த்த அந்தப் பெண் அடுத்த நாளும் அதே இரண்டு கரண்டியைப் போடலாம். சுகாதாரக் கல்வியில் லோரன்ஸ் கிரீன் என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் வகுத்த திட்டமிடல் முறை ஒன்று இருக்கிறது. எங்கள் பயிற்சிகளில் நான் அதிகம் பயன்படுத்தியது அதைத்தான். ஒரு செயல் நடவாமல் போவதற்கான காரணங்களை அது மூன்று வகையாகப் பிரிக்கிறது: ஒருவரின் மனத்துக்குள் இருக்கும் அறிவும் நம்பிக்கையும், செய்ய நினைத்தாலும் செய்வதற்கு வேண்டிய வசதி, காசு, திறன், நேரம், செய்த பிறகு சுற்றியிருப்பவர்களிடமிருந்து கிடைக்கும் பாராட்டு அல்லது ஏச்சு. தேத்தண்ணிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சீனி கூடாது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். குறைத்துப் போடுவதற்குக் காசும் வேண்டியதில்லை. தடையாக இருப்பது மூன்றாவது வகை: வீட்டுக்கு வந்தவருக்குச் சீனி குறைந்த தேத்தண்ணி கொடுத்தால் வந்தவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும், கணவருக்குக் குறைத்தால் அன்றைய சாப்பாட்டுக்கும் குறை சொல்வார். ஆகவே இங்கே கல்வி பெறவேண்டியவர் தேத்தண்ணி ஊற்றுபவர் மட்டும் அல்லர், குடிப்பவரும்தான். ‘சீனி எவ்வளவு போட’ என்று கேட்டு ஊற்றுவதை ஊர் முழுவதற்குமான மரியாதையாக மாற்றுவது எப்படி என்பதே திட்டத்தின் கேள்வியாகிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் கோயில் நிருவாகக் கூட்டத்திலும் சீனியைத் தனியாக வைத்து வெறுந்தேத்தண்ணி பரிமாறத் தொடங்கினால், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அது வழக்கமாகிவிடும். கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் ஒருவர் சீனி வேண்டாம் என்று எடுத்துக் குடிப்பதன் பலன் ஒரு சுவரொட்டிக்கு இல்லை.

இதே முறையில் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகாமல் இருப்பதை ஆராய்ந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டாம் வகையில் கிடைக்கும். காலைப் பேருந்து ஒன்றுதான். வெறும் வயிற்றில் விடியவே வெளிக்கிட வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். இந்த இடத்தில் கல்வி மருந்தாகாது என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை திட்டமிடுபவருக்கு வேண்டும். நான்கு பேர் சேர்ந்து ஓர் ஆட்டோ பிடித்துப் போவதற்கு உங்கள் கழகம் ஒழுங்கு செய்வது, அல்லது கிளினிக்கை மாதம் ஒருமுறை ஊருக்கு அண்மையில் நடத்த முடியுமா என்று சுகாதார வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் கேட்பது, பத்துக் கருத்தரங்குகளைவிடப் பெறுமதியானது. அந்தக் காசை அங்கே செலவிடுவதற்கு நிதி தருபவர் இணங்குவாரா என்பதை விண்ணப்பத்தின்போதே கேட்டுவிடுங்கள்.

பாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வேளாண்மை செய்யும் கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமான செயல் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. நீரிழிவு நீண்ட காலம் இருந்தால் பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது, இரத்த ஓட்டமும் குறைகிறது. வட்டையில், அதாவது வயல்வெளியில், சேற்றுக்குள் நிற்பவருக்கு ஒரு சிப்பி கீறினாலோ முள் ஏறினாலோ நோகாது. நோகாத காயத்தை எவரும் பார்ப்பதில்லை. பார்க்காத காயம் புண்ணாகி, கிருமி ஏறி, விரலையும் சிலவேளை காலையும் கழற்றும் நிலை வரை போகிறது. ‘எப்போதும் செருப்பு அணியுங்கள்’ என்ற அறிவுரை அச்சடித்த துண்டுப் பிரசுரங்களில் இருக்கிறது. உழுத வயலில் செருப்போடு நடக்க முடியாது என்பதை எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை. இங்கே செய்யக்கூடிய செயல் வேறு: வேலை முடிந்து வந்ததும் கால்களைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்து, வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்ப்பது. குனிந்து பார்க்க முடியாத வயோதிபருக்குத் தரையில் வைத்த ஒரு சிறிய முகக்கண்ணாடி போதும். அதைவிட நல்லது பேரப்பிள்ளையின் கண். எட்டு வயதுப் பிள்ளையிடம் ‘அம்மப்பாவின் காலில் சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, காயம் ஏதாவது தெரிகிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துச் சொல்’ என்று ஒப்படைத்தால் அது தவறாமல் பார்க்கும், ஊருக்கே சொல்லும். கண்டால் கைவைத்தியம் செய்யாமல் அன்றோ மறுநாளோ வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்ற இரண்டாம் பகுதியையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

அடுத்து யாரிடம் சொல்வது. நம் மாவட்டத்தில் திருமணமானதும் ஆண் பெண் வீட்டுக்கு வருவதே பெரும்பாலான தமிழ், முஸ்லிம் குடும்பங்களின் வழக்கம். தாயும் பெண்மக்களும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ வாழ்கிறார்கள். அதனால் உலையில் எவ்வளவு அரிசி போடுவது, குழந்தைக்கு எப்போது சோறு தீத்துவது, எந்த வருத்தத்துக்கு எங்கே போவது என்பதில் அம்மம்மாவின் சொல்லுக்குத் தனி இடம் இருக்கிறது. வெளிநாட்டு, இந்திய வழிகாட்டிகளில் மாமியாரை மையமாக வைத்துச் சொல்லியிருப்பதை அப்படியே எடுத்து இங்கே பொருத்தினால் தவறான கதவைத் தட்டியவர்கள் ஆவோம். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்கும் வீடுகளில் அம்மம்மாவே முழுப் பொறுப்பும் சுமக்கிறார். பல வேளைகளில் நீரிழிவு உள்ளவரும் அவரே. உங்கள் கருத்தரங்குக்கு வயதான பெண்கள் மட்டும்தான் வந்தார்கள் என்று குறைபட்டிருந்தீர்கள். அது குறையல்ல. வரவேண்டியவர்களில் முக்கியமான ஒரு பகுதியினர் தாமாகவே வந்திருக்கிறார்கள்.

ஆண்கள் வராதது மட்டும் உண்மையான இடைவெளி. நாடு முழுவதும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களுக்கு, எச்.எல்.சி. என்று எல்லாரும் சொல்லும் இடங்களுக்கு, வருகிறவர்களில் பெண்களே மிகப் பெரும்பான்மை. 35 வயதைக் கடந்த எவருக்கும் அங்கே நிறை, உயரம், இரத்த அழுத்தம், குருதிச் சீனி இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. ஆனாலும் ஆண்கள் வேலை நாளில் வரமாட்டார்கள், வருத்தம் இல்லாமல் வைத்தியசாலைப் படி ஏறுவதையும் விரும்பமாட்டார்கள். அவர்கள் கூடும் இடத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும்: விதைப்புக்கு முந்திய கமக்காரர் கூட்டம், வாவிக்கரையில் மீன் கொடுக்கும் வேளை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பள்ளிவாசல் முற்றம், சந்தியில் உள்ள தேத்தண்ணிக்கடை. இங்கே பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. பேசுபவரும் அவர்களுள் ஒருவராக, கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்த கமக்காரராகவோ மீனவராகவோ இருப்பது நல்லது.

ஊரில் எதையும் தொடங்குமுன் அரசாங்கச் சுகாதாரப் பணியாளர்களோடு சேர்ந்துகொள்வது மரியாதைக்காக மட்டும் அல்ல. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கியது முதல் வளர்ந்து வந்த முறை அவர்களுடையது. ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது அதன் அளவுகோல். நாம் மிட்வைஃப் என்று கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் பேச்சை யார் கேட்பார் என்பது வரை தெரியும். அவருடைய அறிமுகம் இல்லாமல் போகும் தொண்டருக்கு வாசலில் பாய் விரிப்பார்கள், அடுப்படி திறக்காது. எழுத்து மூலமான அனுமதியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவித்துவிடுங்கள். அம்பாறை மாவட்டத்திலிருந்து இதை வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அங்கே அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகங்கள் இருக்கின்றன. கரையோரத் தமிழ், முஸ்லிம் பிரதேசங்கள் கல்முனையின் கீழ் வருபவை.

பரிசோதனை முகாம் பற்றி ஓர் எச்சரிக்கை. குளுக்கோமீற்றரும் ஊசியும் இருந்தால் கூட்டம் சேரும் என்பதால் இளைஞர் கழகங்கள் இதை மிகவும் விரும்புகின்றன. சுகாதாரப் பணியாளர் ஒருவர் பொறுப்பேற்காமல் இதைச் செய்யவே கூடாது. விரல் நுனியில் எடுத்த ஓர் அளவு நோய் நிர்ணயம் ஆகாது. வெறும் வயிற்று அளவு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ என்று ஆய்வுகூடத்தில் காணப்பட்டாலும், அறிகுறிகள் இல்லாதவருக்கு இன்னொரு தடவை உறுதிசெய்ய வேண்டும். பழம் உரித்த கையைக் கழுவாமல் விரலில் குத்தினால் மீற்றர் பொய்யாக உயர்த்திக் காட்டும். காலாவதியான பட்டிகளும் பிழையான அளவு காட்டும். அளவு கூடியவர் எந்தக் கிளினிக்குக்கு, எந்த நாளில் போக வேண்டும், போனாரா என்று யார் பார்ப்பது என்பது தாளில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே பரிசோதனை செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒருவருடைய அளவை மற்றவர் காதில் விழச் சத்தமாக வாசிக்கவும் கூடாது. திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இதன் விளைவு என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

காலத்தைப் பொறுத்தவரை, நிதி எப்போது வருகிறதோ அப்போது தொடங்குவது என்பது நம் பகுதியில் சரிவராது. ஐப்பசி முதல் தை வரை மாரி. படுவான்கரையில் பல வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு. அப்போது கூட்டத்துக்கு ஆள் கிடைக்காது, ஆனால் அது முடிந்த கையோடு கையில் காசும் ஓய்வும் இருக்கும். அதனால் சித்திரை முதல் புரட்டாதி வரையான காலத்தையே நான் தெரிவுசெய்வேன். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும். அந்த நாட்களில் கூட்டம் வைக்காமல், அதற்கு முந்திய இரண்டு மூன்று கிழமைகளில் விரதம் பற்றிய ஒரு செய்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: குளிசை எடுப்பவரோ இன்சுலின் போடுபவரோ விரதம் இருக்குமுன் கிளினிக் வைத்தியரைக் கண்டு கேட்க வேண்டும். உணவைத் தவிர்த்துவிட்டு வழமையான மருந்தை எடுத்தால் சீனி மிகவும் இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயக்கம் வரை போகலாம். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் ரமழானுக்கு ஆறு கிழமை முன்னரே இதைத் தொடங்க வேண்டும். அங்கே பள்ளிவாசல் மரைக்காயர்களும் உலமாக்களும் சொன்னால்தான் இந்தச் செய்தி எடுபடும்.

முறைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்கள், ஒரே குழு இரண்டு கிழமைக்கு ஒருமுறை, யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில், ஒரு மணித்தியாலத்துக்குள். சொல்லி முடித்ததும் ‘விளங்கியதா’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்பார்கள்; ‘வீட்டுக்குப் போய் மகளுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள், ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள், எது போய்ச் சேரவில்லை என்பது உடனே தெரியும். சோற்றைப் பற்றிப் பேசும்போது அவர்கள் சாப்பிடும் தட்டையே எடுத்துவரச் சொல்லி, அதில் பாதியை இலைக்கறியும் மரக்கறியும் நிரப்பினால் சோற்றுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று காட்டுங்கள். குத்தரிசிச் சோறு எவ்வளவு சாப்பிட்டாலும் சீனி ஏறாது என்று யாராவது சொல்வார். அரிசி எதுவானாலும் அளவு முக்கியம் என்பதை அங்கேயே பேசித் தீர்த்துவிடுங்கள். பாவற்காய்ச் சாறும் குறிஞ்சா இலையும் பேச்சில் வரும்போது ஏளனம் செய்ய வேண்டாம். அவை கிளினிக் மருந்துக்குப் பதிலாக நிற்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை, மருந்தை நிறுத்தாதீர்கள், குடிப்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள் என்று சொன்னால் போதும். கூத்தும் வில்லுப்பாட்டும் ஊரைக் கூட்டும், பேச்சைத் தொடக்கி வைக்கும். அவற்றால் மட்டும் ஒருவரின் பழக்கம் மாறியதை நான் கண்டதில்லை.

எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் இது. நீரிழிவு வரும் ஆபத்தில் உள்ளவர்களிடம் உணவையும் உடலுழைப்பையும் மாற்றினால் நோய் வருவது குறைகிறது என்பது நன்கு நிறுவப்பட்டது. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில் 58 சதவீதமும், சென்னையை மையமாகக் கொண்டு 2006இல் வெளியான இந்திய ஆய்வில் 28.5 சதவீதமும் குறைந்தன. இரண்டிலும் ஆட்களோடு வருடக் கணக்கில், தனித்தனியாக, பயிற்சி பெற்றவர்கள் தொடர்பில் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கான கல்வியைப் பற்றி 2002இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு ஒரு சதவீதப் புள்ளி இறங்குவதற்கு ஆளொருவருக்கு ஏறத்தாழ 23.6 மணித்தியாலத் தொடர்பு தேவைப்பட்டது என்றும், தொடர்பு நின்ற பின்னர் அந்தப் பலன் தேய்ந்தது என்றும் கண்டது. உங்கள் ஒரு நாள் கருத்தரங்கு ஏன் எதையும் மாற்றவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. தென்னிந்தியாவில் வேலைக்குப் போகும் ஆண்களுக்குக் கைபேசிக் குறுஞ்செய்திகள் அனுப்பி நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், இரண்டு வருடத்தில் நோய் வந்தவர்கள் குறுஞ்செய்தி பெறாத குழுவில் 27 சதவீதமாகவும் பெற்ற குழுவில் 18 சதவீதமாகவும் இருந்தார்கள். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் வட்டையில் கூலி வேலை செய்பவருக்கு வாட்ஸ்அப் குழு அதே பலனைத் தரும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. குழுவைத் தொடங்குங்கள், அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ஊரில் புதிதாக நோயாளிகள் உருவாவது ஆறு மாதத்தில் குறையும் என்று எவருக்கும் வாக்குக் கொடுக்கவும் முடியாது.

இதனால்தான் பலனைக் காட்டுவது பற்றிய உங்கள் கேள்விக்குச் சற்றுக் கண்டிப்பான பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து மதிப்பெண் கூடியதைக் காட்டுவது எல்லாரும் செய்வது. அது அன்றைய ஞாபகத்தை மட்டுமே அளக்கிறது. முதல் நாளில் சீனி மிகக் கூடியிருந்தவர்களை மட்டும் தெரிந்தெடுத்து மூன்று மாதத்தின் பின் மறுபடி அளந்து, குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. இது மேலும் ஆபத்தானது. எவருடைய சீனியும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். தற்செயலாக ஏறியிருந்த நாளில் தெரிவானவர்களில் பலருக்கு நீங்கள் எதுவுமே செய்யாவிட்டாலும் மறுபடி அளக்கும்போது குறைந்திருக்கும். டெங்கு ஒழிப்பிலும் இதே மயக்கம் உண்டு: நம் பகுதியில் மாரியோடு டெங்கு ஏறி மழை ஓய்ந்த பின் தானாகவே இறங்குகிறது, தையில் சிரமதானம் செய்தவர்கள் பங்குனியில் அந்த இறக்கத்தைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். நீங்கள் அளக்க வேண்டியது செயலை. தொடங்குமுன் ஊரில் எத்தனை வீடுகளில் நேற்று இரவு பாதம் பார்க்கப்பட்டது, மூன்றாம் மாதம் எத்தனை, ஆறாம் மாதம் எத்தனை. கிளினிக் நாளைத் தவறவிட்டவர்கள் எத்தனை பேர். வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ சீனி. கடைசிக் கேள்விக்கு வாயால் சொல்லும் பதிலைவிட, வீட்டாரின் சம்மதத்தோடு பார்த்த, கடையில் வாங்கியதை எழுதிவைக்கும் கடைக்கொப்பி நம்பத்தக்கது. முடிந்தால் உங்கள் திட்டம் போகாத அயல் கிராமம் ஒன்றிலும் இதே கேள்விகளை இரண்டு தடவை கேட்டுவையுங்கள். உங்கள் ஊரில் கண்ட மாற்றம் வேறு காரணத்தால் வந்ததா என்று ஓரளவு சொல்ல அது ஒன்றே வழி. திட்டம் முடிந்து மூன்று மாதம் கழித்து ஒருமுறை மறுபடி கேட்பதற்கான சிறு செலவையும் இப்போதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

நிதியைப் பங்கிடும்போது பதாகை, ரீ-சேட், மதியச் சாப்பாட்டுப் பார்சல், பிரதம விருந்தினருக்கு மாலை என்பவற்றுக்குப் போகும் தொகையைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அதிலிருந்து முடிந்த அளவு வெட்டி, வீட்டுக்கு வீடு போகும் நான்கு அல்லது ஐந்து தொண்டர்களின் போக்குவரத்துச் செலவுக்கும் பயிற்சிக்கும் மாற்றுங்கள். தொண்டர்களில் பாதிப் பேராவது திருமணமான, ஊரிலேயே தங்கியிருக்கும் பெண்களாக இருக்கட்டும். உயர்தரப் பரீட்சை முடித்த பிள்ளைகள் ஆர்வமாக வருவார்கள், மூன்றாம் மாதம் வேலைக்கோ படிப்புக்கோ போய்விடுவார்கள். விண்ணப்பத்தை எழுதுமுன் அடுத்த கிளினிக் நாளில் உங்கள் பகுதி மிட்வைஃபைக் கண்டு, கிளினிக்குக்கு வராமல் விடுபவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருக்காரர், என்ன காரணம் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியலைக் கேட்க வேண்டாம், அதை அவர் தரவும் கூடாது. அந்தத் தெருவிலிருந்து வீடு வீடாகக் கேட்கத் தொடங்குங்கள். கேட்டவற்றைத் தொகுத்து, தெரிவுசெய்த இரண்டு செயல்களையும் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கண்ட தடைகளையும் இங்கே எழுதினால், எதற்குக் கல்வி போதும், எதற்கு வேறு ஒழுங்கு வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.